உறையாத பாலும் அப்பாவின் குறட்டையும்

அன்புள்ள சித்திக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். சித்தப்பாவிடமும் வேண்டாம், அவர் சிரித்துக்கொண்டே அப்பாவிடம் சொல்லிவிடுவார். இங்கு நானும் அம்மாவும் நலம். அப்பா இந்த நிமிடம்வரை நலம். பக்கத்து அறையில் குறட்டை கேட்கிறது. உங்கள் மருந்துக்கடையில் வியாபாரம் நன்றாக நடக்க வேண்டும், ஆனால் யாருக்கும் நோய் வரக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன்.

எல்லாம் நீங்கள் போனில் சொன்னதால் வந்தது. எனக்குத் தொண்டையில் சீழ் பிடித்து டாக்டர் அமாக்ஸிசிலின் கேப்ஸ்யூல் எழுதிக்கொடுத்தபோது, அது உள்ளே போய் என்ன செய்யும் என்று கேட்டேன். "பாக்டீரியா தன்னைச் சுத்திச் சுவர் கட்டிக்கும்டி. இந்த மருந்து கொத்தனார் கையைக் கட்டிப் போட்டுடும். சுவர் பாதியில நின்னா அது தண்ணியை இழுத்து, ஊதி வெடிச்சிடும். நம்ம உடம்புச் செல்லுக்குத்தான் சுவரே கிடையாதே" என்றீர்கள். வைரஸுக்கும் அந்தச் சுவர் இல்லை, அதனால் ஜலதோஷத்துக்கு இதை விழுங்கிப் பயனில்லை என்றீர்கள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "தயிர்ல இருக்கறதும் பாக்டீரியாதான்" என்று ஏன் சொன்னீர்கள்? அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

தொண்டைதான் சரியாகிவிட்டதே, ஒரு கேப்ஸ்யூல் குறைந்தால் என்ன என்று, நேற்று மாலை விழுங்க வேண்டியதைப் பிரித்து, அம்மா உறை ஊற்றி வைத்திருந்த இரண்டு கிண்ணங்களில் ஒன்றில் கொட்டிக் கலக்கினேன். காலையில் ஒன்றில் கட்டித் தயிர், இன்னொன்றில் பால் பாலாகவே இருந்தது. சித்தி, அத்தனை கொத்தனார்களும் கைகட்டி நின்றுவிட்டார்கள். எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அம்மாவோ பால்காரரைப் பிடித்துக்கொண்டாள். "என்னத்தைக் கலந்து குடுத்தீங்க?" என்றாள். அவர் நிதானமாக, "ரெண்டும் ஒரே பால்தானேம்மா? ஒண்ணு உறைஞ்சிருக்கே. இன்னொரு கிண்ணத்துக்கு என்மேல என்ன கோபமோ" என்றார். நான் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

அந்தப் பாலை அப்போதே கொட்டியிருக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. ராத்திரி சாப்பிட்டு முடித்துத் தேடினால் கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருக்கிறது. "வீணாக்குவானேன்னு இப்பத்தான் சர்க்கரை போட்டு உங்கப்பாவுக்குக் குடுத்துட்டேன். கசக்குதுன்னாரு. நான் எதைக் குடுத்தா உங்களுக்கு இனிச்சிருக்குன்னு கேட்டேன், ஒரே மடக்குல குடிச்சிட்டாரு" என்றாள் அம்மா.

அப்பாவுக்குப் பெனிசிலின் ஆகாதென்று உங்களுக்கே தெரியும். டாக்டர் அவர் பெயரைக் கேட்டால்கூட முதலில் அதைத்தான் சொல்வார். இது வேறு பெயர்தானே என்று நான் இருந்தேன். இப்போதுதான் டார்ச் அடித்து, மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாளைப் படித்தேன். அமாக்ஸிசிலினும் பெனிசிலின் குடும்பம்தானாம், அந்த ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே கூடாதாம். உடம்பில் அரிப்போ, தடிப்போ, உதட்டில் வீக்கமோ, மூச்சுத் திணறலோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமாம். விட்டுப்போன வேளைக்குச் சேர்த்து இரண்டாக விழுங்கக் கூடாது, உடம்பு தேறிவிட்டதென்று டாக்டரைக் கேட்காமல் பாதியில் நிறுத்தவும் கூடாது என்று வேறு போட்டிருக்கிறது. நாளைக்கு இரண்டாக விழுங்கிவிட்டு அத்தோடு நிறுத்துவதாக இருந்தேன் நான்.

போன் அம்மாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது. நான் இஸ்திரிப் பெட்டியைப் பிரித்துப் பார்த்த அன்றே அப்பா, "இனிமே எதையாவது நோண்டினே, அப்புறம் பாத்துக்கறேன்" என்றார். பார்த்துக்கொள்ள அவர் இருக்க வேண்டுமே, சித்தி. குறட்டை வருகிறவரை மூச்சும் வருகிறது என்றுதானே அர்த்தம்? உடனே பதில் எழுதுங்கள். சித்தப்பாவுக்கு வணக்கம், குட்டித் தம்பிக்கு முத்தம்.

இப்படிக்கு,
இனி எதையும் பிரித்துப் பார்க்காத
உங்கள் அக்கா மகள்

பி.கு.: முதல் வரியை நானே அடித்துவிடுகிறேன். இது உங்கள் கைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று இப்போதுதான் புத்தியில் பட்டது. இதை அனுப்பப் போவதில்லை. அப்பாவை எழுப்பி அவர் கையிலேயே கொடுக்கப் போகிறேன், திட்டினால் திட்டட்டும். குறட்டை நின்றுவிட்டது. செருப்புச் சத்தம் இந்தப் பக்கம்தான் வருகிறது. கதவைத் தட்டுகிறார். "வெளிச்சம் தெரியுதே, முழிச்சிருக்கியா பாப்பா? அப்பாவுக்கு முதுகெல்லாம் ஒரே அரி