சர்க்காருக்குச் சொல்லாத வயசு

ஸ்ரீகண்டனுக்கு வீட்டில் ஒரு வயசு, ஆபீஸில் ஒரு வயசு. வீட்டில் அறுபது நிரம்பப் போகிறது. ஆபீஸில் இன்னும் ஐம்பத்துநாலு. மெட்ரிக் பரீட்சைக்குக் கட்டும்போது அவர் அப்பா கைகூசாமல் ஆறு வயசைக் கழித்துவிட்டார். பத்து வயசில் மீசையோடு பரீட்சை எழுதிய பிள்ளை மைசூர் ராஜ்யத்திலேயே இவர் ஒருத்தர்தான். நிஜம் தெரிந்தால் உத்தியோகம் அன்றைக்கே போச்சு.

அதனால் சஷ்டியப்தபூர்த்தியே கிடையாது என்றுவிட்டார். மனைவி ராஜலக்ஷ்மி அன்றையிலிருந்து ரசத்தில் பெருங்காயத்தை நிறுத்தினாள்.

இந்தச் சமயம் பார்த்து அறுபத்தோராம் வருஷத்து சென்சஸ் மல்லேஸ்வரத்துக்கு வந்து சேர்ந்தது. ஸ்ரீகண்டனுக்கு சர்க்கார் என்றால் பயமும் பக்தியும் சரிபாதி.

"யார் வந்தாலும் நான் ஊரில் இல்லை. வயசு கேட்டா ஐம்பத்துநாலு. சர்க்காருக்கு ஆயிரம் கைடி. ஒரு கையில் கொடுத்தது மறு கைக்குப் போயிடும்."

"சரின்னா."

ராஜலக்ஷ்மி இவ்வளவு சுலபமாகச் சரி என்றால் ஆபத்து. பாவம், அவருக்கு அது உறைக்கவில்லை.

கணக்கெடுக்க வந்தவர் ஆம்ப்ரோஸ் என்ற பள்ளிக்கூட வாத்தியார். ஸ்ரீகண்டன் உள்ளறைக் கதவுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டார்.

"யஜமானர் வயசும்மா?"

"சொன்னா யார் யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாதும்மா. கோர்ட் கேட்டாலும் கொடுக்க மாட்டோம். நான் வெளியே சொன்னா எனக்கு ஜெயில்."

"அவர் ஆபீஸே கேட்டா?"

"ஊஹூம்."

"அப்போ அறுபதுன்னு எழுதிக்கோங்கோ."

வாத்தியார் தெரு திரும்பியதும் ஸ்ரீகண்டன் வெளியே பாய்ந்தார்.

"குடியைக் கெடுத்தியேடி. நாளைக்கே எங்க ஆபீசர் மேஜைக்குப் போயிடுமே."

"அவருக்குத்தான் போன வாரமே தெரியுமே."

ஸ்ரீகண்டன் ஓடிப்போய் வாசல் கதவைத் தாழ்போட்டார்.

"அவாத்து மாமியை மார்க்கெட்டில் பார்த்தேன். உங்க அறுபதுக்கு நாள் பார்க்கணும்னேன். மாமி கண்ணால ஜலம் விட்டுட்டா. அவா ஆத்துக்காரருக்கும் இந்த மாசம் அறுபதாம். ஆபீஸ் வயசு ஐம்பத்தொண்ணாம். ஊருக்குத் தெரியாம எங்கே பண்றதுன்னு தவிச்சிண்டிருந்தா. திருக்கடையூர்ல ரெண்டு ஜோடிக்கும் ஒரே நாள் பார்த்தாச்சு. அவா கார்லயே போறோம்."

ஸ்ரீகண்டன் வாயைப் பிளந்தார். ஆபீசரின் வயசு! சர்க்காரின் ஆயிரம் கையும் முப்பது வருஷமாகத் தொட முடியாத பரம ரகசியம். அதை இவள் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டே கறந்து வந்திருக்கிறாள். சர்க்காராவது ஒன்றாவது, நியாயமாகப் பயப்பட வேண்டியது இவளுக்கல்லவா? கும்பிட்டுவிடலாமா என்றுகூட இருந்தது. கௌரவம் தடுத்தது.

"அது சரி, லீவுக்கு என்ன காரணம் சொல்றது?" என்றார் பவ்யமாக.

"அதை ஆபீசரே பார்த்துண்டாராம். உங்களுக்கு மூல ஆபரேஷன்னு ஆபீஸ் பூரா சொல்லியாச்சாம்."