இரண்டு கம்ப்யூட்டரும் ஒரு ஆமையும்

ஒரு காட்டில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. சிரிக்காதீர்கள், பச்சை எழுத்து மினுங்கும் அந்தக் காலத்துப் பெட்டிகள்தான். குளக்கரை ஆபீசில் இருந்தது கரடியுடையது. மலையுச்சி ஆபீசில் இருந்தது யானையுடையது. கோடையில் எந்த மிருகம் எத்தனை மணிக்குத் தண்ணீர் குடிக்கலாம் என்று கணக்குப் போட மலையுச்சிப் பெட்டிக்குத்தான் தெரியும். பெயர்ப்பட்டியலோ குளக்கரையில். அதனால் தினமும் பட்டியலை முதுகில் கட்டிக்கொண்டு மேலே போய், முறைச்சீட்டோடு கீழே வருவதே சொக்கலிங்கம் என்ற ஆமையின் உத்தியோகம். நூற்றிருபது வயசு. ஓய்வு பெற இன்னும் நாற்பது வருஷம் கிடந்தது.

ஒரு நாள் தலைநகரிலிருந்து புது புரோகிராம் அடங்கிய ஆறு பிளாப்பி வந்தது.

"சொக்கு, இனிமே உனக்கு நடை மிச்சம்டா!" என்றது கரடி. "இதை ரெண்டு பெட்டியிலயும் ஏத்திட்டா, இது இங்கேருந்தே கேக்கும். அது அங்கேயே கணக்குப் போட்டு கம்பி வழியா பதில் அனுப்பிடும். ஒரே நிமிஷம்!"

"அப்ப எனக்கு என்ன வேலை சார்?"

"அதான் சொன்னேனே, நடை மிச்சம்."

ஆமைக்கு நடப்பதைத் தவிர வேறு வேலை தெரியாது. அதையும் அது நன்றாகச் செய்கிறது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

கரடி தன் பெட்டியில் ஏற்றி முடித்ததும், பிளாப்பிகளை மேலே கொண்டுபோகும் வேலை ஆமையின் தலையில்தான் விழுந்தது. என்ன கொடுமை பாருங்கள், தன் பிழைப்புக்கு உலை வைக்கும் சாமானைத் தானே சுமக்க வேண்டும்! போகிற வழியில் கூடவே வந்த கையேட்டைப் படித்தது. ஆமை நடையல்லவா, நாலு தடவை படிக்க முடிந்தது. காட்டிலேயே அதைப் படித்த ஒரே பிராணி அதுதான். 'இது சோதனைப் பதிப்பு. ஒரு கம்ப்யூட்டர் கேட்க வேண்டும், மற்றது பதில் சொல்ல வேண்டும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

யானை ஆறாவது பிளாப்பியைச் செருகியதும் திரையில் ஒரு கேள்வி வந்தது: 'இந்தக் கம்ப்யூட்டர் கேட்பதா, பதில் சொல்வதா?'

யானையின் காது விடைத்தது. "என்னய்யா இது? முப்பது வருஷ சர்வீஸ்ல நான் கேள்வி கேட்டிருக்கேன். எவனுக்காவது பதில் சொல்லியிருக்கேனா?" துதிக்கை நுனியால் 'கேட்பது' என்று அழுத்திவிட்டது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை தப்பும். ஆனாலும் ஆமைக்கு மனசு கேட்கவில்லை. "ஐயா, கீழே கரடி சாரும் 'கேட்பது'ன்னுதான் போட்டிருக்காரு. ஒருத்தராவது பதில் சொல்லணும்னு கையேட்டுல போட்டிருக்கு..."

"அப்ப அவனை மாத்தச் சொல்லு!"

ஆமை இறங்கிப் போய்ச் சொன்னது. கரடி குதித்தது. "வாழ்க்கையில முதல் தடவையா மேலதிகாரியைக் கேள்வி கேக்க வழி கிடைச்சிருக்கு. அதை விடச் சொல்றியா? போடா!"

இரண்டு திரையிலும் 'பதிலுக்காகக் காத்திருக்கிறேன்' என்று வந்தது. மூன்று நாள் அப்படியே நின்றது. குளக்கரை வரிசையில் ஒரு மான் மயங்கி விழுந்தது. அதைப் பார்த்த ஆமை, யாரும் சொல்லாமலே பட்டியலைக் கட்டிக்கொண்டு மலையேறியது.

நாலாம் நாள் கொக்கு இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தது. காலை எட்டு மணிக்குக் கரடி அதன் கண்முன்னே கேள்வியைத் தட்டியது. ஆமை பட்டியலோடு பின்வாசல் வழியாக நழுவியது. சாயங்காலம் நாலு மணிக்கு முறைச்சீட்டு வந்தது.

"எட்டு மணி நேரம். சோதனைப் பதிப்புக்கு மோசமில்லை," என்றது கொக்கு. "பதில் வந்த கம்பி எங்கே?"

கரடி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஆமையைக் காட்டியது. கொக்கு அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு எழுதியது: 'இணைப்பு மிக உறுதியானது. மழையிலும் அறுபடாது.'

மறுவாரமே பன்னிரண்டு காடுகளுக்கு அதே பிளாப்பிகள் போயின, காட்டுக்கு ஒரு ஆமையும் சேர்த்து. சொக்கலிங்கத்துக்கு 'நெட்வொர்க்' என்று பதவி உயர்வு. மலை மட்டும் அதே மலைதான்.

ஒரு நாள் யானைக்கே சலித்துவிட்டது. "யோவ், அன்னிக்குக் கையேட்டுல என்னவோ போட்டிருக்குன்னியே. அதைக் கொண்டா பார்ப்போம்."

ஆமை வாயில் இருந்ததை நிதானமாக மென்று விழுங்கியது. "இப்பதான் தின்னு முடிச்சேனுங்க ஐயா."

நீதி: கையேட்டை ஒரு வரி விடாமல் படியுங்கள்; அடுத்தவர் படிப்பதற்குள் தின்றுவிடுங்கள்.