பொருத்தம் நானா பேச வைத்த பெட்டி

மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் கல்யாணத் தரகர்கள் எத்தனையோ பேர் உண்டு. மனிதனுக்கும் கணினிக்கும் பொருத்தம் பார்த்தவர் காத்தான்குடியில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கும் பொருத்தம் நானா ஒருவர்தான்.

பெட்டியைக் கொண்டுபோனால் அதைத் தொடமாட்டார். முதலில் ஆளைத்தான் கழற்றிப் பார்ப்பார். "கோவம் வருமா? பொண்டாட்டி சொன்னாக் கேப்பீங்களா?" பதிலைப் பார்த்துத்தான் விண்டோஸா, லினக்ஸா என்று முடிவெடுப்பார். எதிலும் மனம் நிலைக்காத வாத்தியார் ஒருவருக்கு இரண்டையும் ஒரே பெட்டியில் ஏற்றிக் கொடுத்தார். மாங்கேணி மீன் முதலாளிக்கோ, உப்புக்காற்று படாமல் இருக்க, மீன் அடைக்கும் வெள்ளை நுரை ரெஜிபோம் பெட்டிக்குள்ளேயே எல்லாவற்றையும் பூட்டி இரண்டு காற்றாடி வைத்தார். அது இன்றைக்கும் ஓடுகிறது. மணம்தான் போகவில்லை.

நான் ஒலிபெருக்கியும் கதிரையும் வாடகைக்கு விடுகிறவன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் என் கணினி ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. பதறி எதையோ அமத்தினேன். கெட்டிமேளம் பாதியில் நின்றது. அங்கே வந்திருந்த, எங்கள் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர், வரப்போகும் திருவிழாச் சடங்கை நினைத்துச் சொல்லிவிட்டார்: "சடங்கிலயும் இப்பிடி நிண்டா, மறுகா உங்கட செட் நம்மட கோயிலுக்கு வேணாம்."

அந்தக் கோயில் வேலை போனால் மற்றக் கோயில்களும் போய்விடும். நானாவிடம் போனேன்.

"கோவம் வருமா?"

இல்லையென்று தலையாட்டினேன்.

"பயம்?"

குனிந்துகொண்டேன்.

"விளங்கிட்டு. பெட்டியில பிழையில்ல தம்பி. அது இங்கிலீசுல அதட்டுது, நீங்க நடுங்குறீங்க."

கொஞ்சம் மெமரி கூட்டி, லினக்ஸை ஏற்றினார். பிறகு நாட்கணக்காக உட்கார்ந்து, அது கேட்கும் கேள்விகளையெல்லாம் 'கா' போட்டு அழைக்கும் நம்மூர்ப் பேச்சுக்கு மாற்றினார். "இந்தப் பாட்ட அழிக்கட்டாகா?" என்று கேட்கும். கீழே "ஓம்", "வேணாங்கா" என்று இரண்டு பொத்தான்கள்.

கோயில் சடங்கின் கடைசி நாள் ஜெனரேட்டர் இருமி நின்றது. சனம் முழுவதும் என்னைப் பார்த்தது. வண்ணக்கரும் பார்த்தார். ஜெனரேட்டரை மறுபடி முடுக்கிவிட்டுத் திரையைப் பார்த்தேன்.

"பதறாதகா. பாட்டெல்லாம் பத்திரமாக் கிடக்கு. எழும்பி வாறன்."

இந்த முறை எதையும் அமத்தாமல் காத்திருந்தேன். விட்ட இடத்திலிருந்து பாட்டும் வந்தது. "அடுத்த வருசமும் நீங்கதான்" என்று சொல்லிவிட்டு வண்ணக்கர் நகர்ந்தார்.

அப்போதுதான் கண்டேன், வீதிக்கு அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிளில் நானா. ஓடிப்போனேன்.

"என்ன நானா இஞ்ச?"

"சும்மா. ரோட்டால போனன், பாட்டுக் கேட்டிச்சு."

மடியில் இருந்த பையில் ஸ்குரூட்ரைவர் தலைநீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மாற்று டிஸ்க் ஒன்று. பின்னேரத்திலிருந்து அவர் அங்கேதான் நிற்கிறார் என்று கச்சான் கடலை விற்ற பெண் சொன்னாள்.

என்னிடமிருந்த கதிரைகளில் கால் ஆடாத ஒன்றைத் தேடி எடுத்து, வீதியைக் கடந்து கொண்டுபோய் அவர் உட்காரப் போட்டேன்.