பையில் போட்ட வடை பற்றிய விளக்கம்

வெள்ளவத்தை,
வியாழக்கிழமை.

மதிப்புக்குரிய சிவபாதசுந்தரம் அவர்களுக்கு,

கனகேந்திரன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நாங்கள் எல்லோரும் நலம், என் வாயைத் தவிர. கொட்டாஞ்சேனையில் நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு உங்களிடமிருந்து டெலிபோன் கோல் வராததால் உறுதியாக எழுத முடியவில்லை.

அன்று என் மகன் கிஷாந்துக்காக உங்கள் மகள் சிவானியைப் பார்க்க வந்த இடத்தில் நான் கை நனைக்கவில்லை. அப்படி எழும்பி வந்தால் சம்மதமில்லை என்று கொள்வது நம்மவர் வழக்கம். ஆனால் நடந்தது வேறு. உங்கள் மனைவி கௌரி தந்த மிளகு வடையில் ஒரு துண்டை வாயில் வைத்ததும் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது; சம்பந்தம் பேசுமிடத்தில் என் வாயிலுள்ள வருத்தத்தைச் சொல்லப் பயந்து, எல்லோரும் சிவானியைப் பார்த்த நேரத்தில் மிச்ச வடையைச் சட்டைப்பையில் போட்டேன்; எண்ணெய் ஊறியது; மறைக்க நெஞ்சில் கையை வைத்தேன்; கொதிக்கக் கொதிக்கக் கோப்பி வந்தது, தலையை ஆட்டி வேண்டாமென்றேன்.

என் கன்னத்தின் உட்புறம் வலைபோல வெள்ளைக் கோடுகள் உண்டு. லைக்கன் பிளானஸ் என்கிறார்கள். நாட்பட்ட அழற்சி, தொற்றாது, உறைப்புப் பட்டால் எரியும். நூறு பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்றார் களுபோவில ஆஸ்பத்திரி டொக்டர். எனக்கு எதையும் சரிபார்க்காமல் நித்திரை வராது. எங்கள் மாடிக்குடியிருப்பில் தொண்ணூற்றெட்டுப் பேர். மூன்றாம் மாடி மர்ஸூக்கிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "எங்கட வீட்டுக்காரி பலீலாக்கும் இருக்கி, பதினொரு வருஷம்," என்றார். "கொச்சிக்காய் உறைப்பக் குறைச்சிட்டா. வாயத்தான் குறைக்கல்ல." ஆகவே எங்கள் கட்டிடத்துக்குரிய ஒருவர் பலீலா, நான் வேறெங்கோ உள்ள நூறு பேரைச் சேர்ந்தவன். படித்தவன் இப்படிக் கணக்குப் பார்க்கக்கூடாதென்று தெரியும், என்றாலும் பார்த்தேன்.

கிஷாந்த் நான்கு நாட்களாக என்னோடு கதைப்பதில்லை. காரில் வரும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னான். "ரெண்டு வருஷமா அவளோட பழகி, ரெண்டு வீட்டுக்கும் தெரியாம புரோக்கரைப் பிடிச்சு, இவ்வளவு தூரம் கொண்டு வந்தனான் அப்பா. ஒரு வடை. ஒரே ஒரு வடை."

என் வாயை வைத்து என் மகனை எடைபோட வேண்டாம். சிவானியை எங்களுக்கு நிரம்பப் பிடித்திருக்கிறது. கௌரிக்கு என் மன்னிப்பையும் பிள்ளைக்கு என் ஆசீர்வாதத்தையும் சேர்ப்பியுங்கள்.

பணிவுடன்,
வே. கனகேந்திரன்

(உறையின் பின்புறத்தில்)

பி.கு.: ஒட்டி முடித்த பிறகு கிஷாந்த் சிரித்துக்கொண்டு வந்தான். நீங்கள் கோபத்தில் இல்லையாம், நாள் பார்த்துக்கொண்டிருந்தீர்களாம். என் கண்ணீரும் நெஞ்சில் வைத்த கையும் ஆனந்தமென்று கொண்டீர்களாம். "மனிசனுக்கு என்ர வடை எவ்வளவு பிடிச்சிருந்தா பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு போவார்" என்று கௌரி எல்லோருக்கும் சொல்லி, வரும் ஞாயிறு எனக்கென்றே நாற்பது வடை, மிளகு கூட்டிச் சுடப் போகிறாவாம். முத்திரை ஒட்டியாயிற்று, வீணாக்க மனமில்லை, தபாலில் போடுகிறேன். தயவுசெய்து திறக்கவேண்டாம். திறந்தால் நான்காம் பந்தியை, கிஷாந்த் காரில் சொன்னதை, வாசிக்கவேண்டாம். ஞாயிறு கட்டாயம் வருகிறோம். சட்டைக்கு இரண்டாவது பை தைக்கக் கொடுத்திருக்கிறேன்.