பெட்டி அண்ணை என்னைத் தூக்கிப் பார்த்த கதை

உலகத்தில் தேனீக்கும் மனிதருக்கும் வித்தியாசம் தெரியாத ஒரே ஆள் எங்கள் உடுவில் ஊர்ப் பெட்டி அண்ணைதான். வீட்டு வளவு நிறையத் தேனீப்பெட்டி வைத்திருப்பதால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

எனக்குப் புற்றுநோய் வந்து உடம்புக் கொழுப்பெல்லாம் உருகத் தொடங்கியபோது, மற்றவர்கள் வாசலில் நின்று சுகம் விசாரித்தார்கள். அண்ணை நேரே உள்ளே வந்து, நான் உட்கார்ந்திருந்த கதிரைக்குப் பின்னால் போய், அக்குளில் கைகொடுத்து என்னை ஒரு தூக்குத் தூக்கினார்.

"என்ன அண்ணை செய்யிறியள்?" என்று அலறினேன்.

"பொறு தம்பி. தேன் இருக்கோ எண்டு பெட்டியைப் பின்னாலை தூக்கித்தானே பாக்கிறனான். உன்ரை பெட்டி காலியடாப்பா!"

உண்மைதான். பாரம் இன்னும் இறங்கினால் அடுத்த மருந்து ஏற்ற முடியாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். எனக்கோ சோற்றைக் கண்டாலே குமட்டும். அண்ணை தினமும் வந்தார். தேன், மகரந்தம், ஒருநாள் மெழுகோடு முழுத் தேனடை. அதை மென்று முடிக்க அரைநாள் போனது. என் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

"அண்ணை, நீங்களும் கிளினிக்குக்கு வாங்கோ. டொக்டரிட்டையே கேப்பம்."

டொக்டர் சிரித்தார். "தேன் விருப்பமெண்டால் கொஞ்சம் குடுங்கோ. மகரந்தம் வேண்டாம். ஆனால் தேனாலை மட்டும் உடம்பு தேறாது ஐயா. முட்டை, மீன், பால் எல்லாம் உள்ளுக்குப் போகவேணும்."

அண்ணை சண்டைக்குப் போகப்போகிறார் என்று பயந்தேன்.

"ஓம், சரிதான்," என்றார் அவர். "பூ இல்லாத காலத்திலை என்ரை தேனீக்கே நான் சீனிப்பாணிதான் வைக்கிறனான்."

மறுநாளே முட்டை சேர்த்துச் செய்த முட்டைமாவோடு வந்துவிட்டார். தூக்குவதை மட்டும் விடவில்லை. அடுத்த கிளினிக் நாள் காலையில் என்னைத் தூக்கப் போனவர், "ஐயோ, என்ரை இடுப்பு!" என்று நிலத்தில் குந்திவிட்டார். "பாரம் ஏறிட்டுது தம்பி. இனி என்னாலை ஏலாது!"

அந்தச் சந்தோஷத்தில் இரண்டு இடியப்பம் கூடுதலாகச் சாப்பிட்டேன். கிளினிக் தராசில் பாரம் ஏறியிருக்கவில்லை. ஆனால் இறங்கவுமில்லை. மருந்தை ஏற்றினார்கள்.

திரும்பி வரும்போது அண்ணை எங்கள் வீட்டுப் படலையில் காத்து நின்றார்.

"மருந்து ஏத்தினவையோ?"

"ஓம் அண்ணை. உங்கடை இடுப்பு எப்பிடி?"

"எந்த இடுப்பு?" என்றார்.

இப்போது நான் தேறிவிட்டேன். உண்மையிலேயே அவரால் என்னை அசைக்க முடியாது. ஆனாலும் காலையில் கதிரைக்குப் பின்னால் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டால், அவருக்கு வசதியாகக் கைகளைக் கொஞ்சம் உயர்த்திக் கொடுப்பேன்.