வரி குறைந்த ஊரில் பால் காய்ச்சிய கதை

கேட்காதவர்களுக்கு அறிவுரை சொல்லும் வியாதி எனக்கு உண்டு. வீடு வாங்குவது பற்றி என்றால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன்.

ஆக்லாந்துக்கு வடக்கே ஒன்றேகால் மணி நேரப் பயணத்தில், காட்டை ஒட்டி ஒரு வீடு வாங்கினேன். கவுன்சில் வரி நகரத்தில் கட்டுவதில் பாதி. நல்ல காற்று, ஓடை, பறவைகள். (பறவை பெயர் ஒன்றும் தெரியாது. எதைக் காட்டிக் கேட்டாலும் டூயி என்றுவிடுவேன்.) என் மனைவி சுதா ஒரே நிபந்தனையில்தான் சம்மதித்தாள்: நகரத்துக்குள் மவுண்ட் ஆல்பர்ட்டில் இருக்கும் அவள் அக்கா குடும்பம் பக்கத்து மனையை வாங்க வேண்டும். அக்கா இல்லாத ஊரில் அவளால் ஒரு வாரம்கூட இருக்க முடியாது.

அக்காவையும் சகலையையும் மயக்கத்தான் பால் காய்ச்சுவதை அவ்வளவு பெரிதாக வைத்தேன். அறுபது பேர். அங்கே கவுன்சில் தண்ணீர் வராது. கூரையில் விழும் மழை தொட்டியில் சேரும், அவ்வளவுதான். கோடைக்காலம், டேங்கருக்குச் சொல்லிவிடு என்று பக்கத்துப் பண்ணைக்காரர் இரண்டு முறை எச்சரித்தார். சென்னையில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடியவன் நான். இங்கேயும் லாரியா என்று ரோஷம் வந்து, சொல்லாமலே விட்டுவிட்டேன். போதாததற்கு வாசலில் ஹோஸுடன் நின்று, வந்தவர்கள் அத்தனை பேர் காலிலும் நானே தண்ணீர் ஊற்றினேன். வரியைப் பற்றிய பிரசங்கமும் கூடவே ஓடியது.

ஒரே பந்தியில் சாப்பாடு முடிந்து எல்லோரும் கை கழுவப் போனார்கள். குழாய் ஒருமுறை இருமிவிட்டு நின்றது. பட்டுப் புடவையும் வேட்டியுமாக அறுபது பேர், சாம்பார் காய்ந்த வலது கையைத் தூக்கிப் பிடித்தபடி என்னையே பார்த்தார்கள். டேங்கர்காரருக்குப் போன் செய்தேன். எட்டு நாள் ஆகுமாம்.

கடைசியில் ஓடைக்கு வரிசையாக இறங்கினார்கள். சகலை மட்டும் நின்று திரும்பினார்.

"இங்க வரி ஏன் கம்மின்னு இப்பதான் புரியுது தம்பி."

அதற்குள் அக்கா சேற்றில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். புதுப் புடவை. சுதா என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. கண் கலங்க அக்காவின் முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தாள். எனக்கு உடம்பே கூசிப்போனது. ஓடி ஒளியக் காடு பக்கத்திலேயே இருந்தும் கால் நகரவில்லை.

அக்கா மனை வாங்கவில்லை. ஒரு வருடத்துக்குள் நாங்களும் வீட்டை விற்றுவிட்டு, அவர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு வந்துவிட்டோம். இன்றைக்கும் யார் வீட்டு விசேஷமானாலும், இலை போட்டதும் சகலை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வார்: "தம்பிக்கு மட்டும் ஒரு ஸ்பூன் வைங்க."

நானும் ஸ்பூனால்தான் சாப்பிடுகிறேன்.