அப்செட்டுக்கு மேலே, டிப்ரஷனுக்குக் கீழே

எனக்கு எழுபத்தேழு வயது. பெற்றது ஐந்து, நாத்தனார் விட்டுப்போனது இரண்டு, ஆக ஏழு பேரை வளர்த்து ஆளாக்கியவள். படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. அதனால் சொல்வது நான், எழுதுவது லீவுக்கு வந்திருக்கும் பேத்தி யாழினி. முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கிலீஷில் முறையாக வருத்தப்படத் தெரிந்தவர் திருச்சி ஜில்லாவிலேயே ஒருவர்தான். அவர் ஸ்ரீரங்கத்தில் எங்கள் எதிர் ஃபிளாட்டில் இருந்த அப்செட் மாமி.

மாமியின் சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டுமே தெரியும். அந்தக் காலத்தில் டெலிபோன் ஆபீசில் வெளியூருக்கு டிரங்க் கால் போட்டுக் கொடுக்கும் வேலை பார்த்தவர். ஒரு காலுக்கு மூன்று நிமிஷம். தமிழில் துக்கம் சொல்ல வருகிறவர்கள், "ஐயோ, நான் என்னத்தைச் சொல்வேன்" என்று ஆரம்பித்து, மூன்று நிமிஷமும் அதையே சொல்லி முடிப்பார்களாம். இங்கிலீஷ் பேசுகிறவர்கள் "ஐ ஆம் அப்செட்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, மிச்ச நேரத்தில் அங்கே மழை உண்டா, மாம்பழம் வந்துவிட்டதா என்று விசாரிப்பார்களாம். சின்ன வருத்தத்துக்கு இங்கிலீஷ்தான் லாயக்கு என்று மாமி அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்.

"தமிழ்ல வருத்தம்னு சொல்லிப் பாருங்கோ, யார் போயிட்டான்னு கேப்பா. அப்செட்னு சொல்லுங்கோ, காபி போட்டுத் தருவா" என்பார்.

பால் திரிந்தால் அப்செட். காபிப் பொடியில் சிக்கரி தூக்கலாக இருந்தால் டிஸப்பாயிண்டட். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் யாராவது காலை மிதித்தால் டிஸ்டர்ப்டு. மாப்பிள்ளை இரண்டு வார்த்தை பேசாமல் போனை மகளிடம் நீட்டிவிட்டால் ஹர்ட். ஹர்ட்டுக்கு மேல் மாமி ஏறியதே கிடையாது. மாமா பரமபதித்த அன்று விசாரிக்க வந்தவர்களிடம்கூட "வெரி மச் அப்செட்" என்றுதான் சொன்னார். சொல்லிவிட்டு உள்ளே போய், மாமாவின் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக் கூட்டுக்குள் வைத்தார்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வார்த்தை இருந்தது. அதை யாரும் தொடக் கூடாது.

"டிப்ரஷன்ங்கறது ஃபயர் இன்ஜின் மாதிரி. கூப்பிட்டா வந்துடும். வந்தா ஆத்துல எல்லாத்தையும் நனைச்சுட்டுத்தான் போகும். அதைப் பூட்டி வைக்கணும்."

தனக்கு மட்டும் வார்த்தை எடுத்துக்கொண்டு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. ஊருக்கே எடுத்துக் கொடுத்தார். ஒருநாள் பால்காரன், "இன்னிக்கு ஒரே டென்ஷன் மாமி" என்று படியில் உட்கார்ந்துவிட்டான்.

"உனக்கு ஏதுடா டென்ஷன்? மாடு சரியா கறக்கல, அவ்வளவுதானே? டென்ஷன் மேனேஜருக்கு வரது. உனக்கு ஒர்ரி."

அன்றிலிருந்து அவன், "ஒர்ரிம்மா, அரை லிட்டர்தான் இருக்கு" என்று வீடு வீடாகக் கூவினான். யாருக்கும் கோபம் வரவில்லை.

தண்ணீர் மோட்டாருக்காகக் கீழ் வீட்டுக்காரரும் மேல் வீட்டுக்காரரும் கத்திக்கொண்டபோது மாமி நடுவில் போய் நின்றார். "நீங்க ரெண்டு பேரும் ஆங்கிரியா, அனாய்டா? அதைச் சொல்லுங்கோ முதல்ல. ஆங்கிரின்னா இத்தனை நேரம் சட்டையைப் பிடிச்சிருக்கணுமே!" இருவரும் தங்கள் சட்டையைப் பார்த்துக்கொண்டார்கள். "அனாய்டுதான் மாமி" என்று கீழ் வீட்டுக்காரர் முனகினார். மோட்டாரைப் போட்டார்கள்.

நான் மட்டும் மசியவில்லை. மண்ணச்சநல்லூரில் அரிசி மில் வைத்து நடத்திய குடும்பம். "மனசு சரியில்லைன்னா எங்க ஊர்ல ரெண்டு மூட்டை நெல்லு அவிப்போம் மாமி. சரியாயிடும். பாலுக்கு ஒரு வார்த்தை, மோருக்கு ஒரு வார்த்தையா?" என்று கேலி பேசுவேன். நான் அழுது யாரும் பார்த்ததில்லை. இந்த இடத்தில் எழுதுகிறவள் சிரிக்கிறாள். டிவி சீரியலெல்லாம் கணக்கில் வராது, எழுதடி.

அப்படி இருந்த எனக்குத்தான் வந்தது. பெங்களூரிலிருந்து பெரியவன் செல்வம் போன் பண்ணினான். "அம்மா, நீ அங்க தனியா இருந்தது போதும். அடுத்த மாசம் ஃபிளாட்டை வாடகைக்கு விட்டுட்டு, உன்னை இங்க கூட்டிட்டு வந்துடறேன்."

"சரிப்பா" என்றேன். பிள்ளையிடம் கெஞ்சுகிற பழக்கம் எனக்கு இல்லை. போனை வைத்துவிட்டுப் போய் வாசல் கதவைத் திறந்துகொண்டு நின்றேன். காலையில் கதவைத் திறந்தால் எதிரே ஒரு கதவு திறந்து காபி வாசனை வருமே, அது பெங்களூரில் எந்த மாடியில் வரும்?

போகவும் பிடிக்கவில்லை, பிடிக்கவில்லை என்று சொல்லவும் வரவில்லை. உறைக்கு மோர் வாங்கப் போவதுபோல் ஒரு கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனேன்.

மாமி கிண்ணத்தைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தார். "வாங்கோ மில்லுக்காரம்மா. தூக்கம் வரதா?"

"வருது."

"சாதம் இறங்கறதா?"

"மத்தியானம் இறங்குது. ராத்திரி இறங்கல."

"அழறேளா?"

"நானா!"

மாமி கண்ணை மூடி யோசித்தார். "அப்செட் போறாது. ஹர்ட் சொன்னா பிள்ளைக்குக் கோபம் வரும். டிப்ரஷன் பக்கமே போகப்படாது. உங்களுக்கு லிட்டில் லோ. 'ஐ ஃபீல் லிட்டில் லோ' அப்படின்னு மெதுவா சொல்லுங்கோ. பிள்ளை ஏம்மான்னு கேப்பான். அப்போ விஷயத்தைச் சொல்லலாம்."

லிட்டில் என்றால் என்ன என்று கேட்டேன். கொஞ்சம் என்றார்.

வீட்டுக்கு வந்து காய் நறுக்கும்போதும் கோலம் போடும்போதும் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். வாய்க்கு வந்துவிட்டது, மனசுக்குத்தான் வரவில்லை. ஏழு பேரை வளர்த்தவளுடைய கஷ்டம் கொஞ்சமா? வாசலுக்கு வந்தவருக்கு ஆழாக்கு அரிசி அளந்து போட்ட குடும்பமில்லை எங்களுடையது. மரக்காலைக் கவிழ்த்துத்தான் பழக்கம். செல்வம் மறுபடி கூப்பிட்டு, "எப்படிம்மா இருக்கே?" என்றதும், மரக்காலைக் கவிழ்த்துவிட்டேன்.

"எனக்கு டிப்ரஷன்ப்பா."

உடனே போனை வைத்துவிட்டான். அடுத்த நாள் காலையில் செல்வம் வாசலில் நின்றான். தஞ்சாவூரிலிருந்து பெரிய மகள் ஆப்பிளோடு வந்தாள். மற்றவர்கள் போனிலேயே அழுதார்கள். என்னை டாக்டரிடம் கொண்டுபோனார்கள். "வாழ்க்கையில ஒரு பிடிப்பு இருக்காம்மா?" என்று டாக்டர் கேட்டார். இடுப்பில் இருக்கிறது என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் செல்வம் பெட்டியை இறக்கினான். "இனிமே ஒரு நாள்கூட உன்னைத் தனியா விடமாட்டேன். அடுத்த மாசமெல்லாம் இல்லை, நாளைக்கே கிளம்பறோம்." ஃபயர் இன்ஜின் வந்து என் வீட்டை நனைத்துக்கொண்டிருந்தது. கூப்பிட்டது நான். திட்ட ஒரு ஆள்கூட இல்லை.

அப்போது மாமி உள்ளே வந்தார். பெட்டியைப் பார்த்தார், ஆப்பிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நான் எடுத்துக் கொடுத்த வார்த்தை என்ன, நீங்க சொன்ன வார்த்தை என்ன?"

"கொஞ்சமா சொல்ல மனசு வரல மாமி."

"ஏண்டா செல்வம், உங்கம்மா அளவு தெரியாம சொல்லிட்டா. அவளுக்கு அது கிடையாது. கேன்சல் பண்ணிக்கோ."

"அப்ப அம்மாவுக்கு என்னதான் மாமி?"

"இங்கேருந்து போகப் பிடிக்கல. உன்கிட்ட சொல்ல கௌரவம் இடம் கொடுக்கல. அவ்வளவுதான்."

"இல்லை மாமி. தனியா இருந்து அம்மாவுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

மாமி பெட்டியை மூடினார். அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். எத்தனையோ பேருக்கு வார்த்தை எடுத்துக் கொடுத்தவர், தனக்கு ஒன்றைத் தேடுகிறார் என்று தெரிந்தது. அப்செட் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"கூட்டிண்டு போ. போனா, டிப்ரஷன் எனக்கு வந்துடும்."

மாமா போன அன்றைக்குக்கூட எடுக்காத வார்த்தை. பூட்டைத் திறந்து எங்கள் கூடத்தில் வைத்துவிட்டார். செல்வம் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். நாங்கள் இருவரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் அவன்தான் காபி போட்டான். சாயங்காலம் தனியாக பெங்களூர் கிளம்பினான். பெட்டியிலிருந்து மாமி எழுந்ததே அவன் கிளம்பிய பிறகுதான்.

போன ஆடியில் மாமி போய்விட்டார். தூக்கத்திலேயே, யாருக்கும் தொந்தரவு இல்லாமல். அவர் கணக்கில் அது டிஸ்டர்ப்டுகூட இல்லை. பிள்ளைகள் எல்லோரும் போன் பண்ணினார்கள். செல்வமும், "எப்படிம்மா இருக்கே?" என்றான். இந்தத் தடவை சரியாக அளந்தேன்.

"லிட்டில் லோ."

யாரும் ஆப்பிள் வாங்கவில்லை. ஆனால் மறுநாள் விடிந்து கதவைத் திறந்தால், செல்வம் பையோடு நிற்கிறான்.

"என்னப்பா, நான் ஒண்ணும் பெரிசா சொல்லலையே?"

"அதான்ம்மா பயந்துட்டேன். நீ எதையும் கொஞ்சம்னு சொல்லி நான் கேட்டதே இல்லை."

காபி போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, எதிர் வீட்டுப் பூட்டைப் பார்த்துக்கொண்டே, "சிக்கரி தூக்கல்மா. டிஸப்பாயிண்டட்" என்றான். சிரிக்கத்தான் ஆரம்பித்தேன்.

போதும் யாழினி. முதலிலிருந்து ஒரு தடவை வாசி, மெதுவாக. மாமி பெட்டிமேல் உட்காருகிற இடம் வரும்போது நான் எழுந்து உள்ளே போனால், அடுப்பில் பால் இருக்கிறது என்று நினைத்துக்கொள்.